ஈசானியத்தில் ஒரு குளம்

கிழக்குப் பார்த்த வீட்டுக்கு எப்போதும் கிராக்கிதான். டாலஸ் பக்கம், ஃபிரிஸ்கோவில் வீடு விற்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரே தெருவில் எதிரெதிரே இரண்டு வீடு, ஒரே அளவு, ஒரே மாதிரி சமையலறை. கிழக்குப் பார்த்தது விற்பனைப் பலகை நட்ட வாரமே போய்விடும். மேற்குப் பார்த்தது இழுபறியாகக் கிடந்து போகும். தெற்குப் பார்த்ததைக் கடைசியில் ஒரு வெள்ளைக்காரர் வந்து வாங்குவார். அதனால் அவருக்கு ஒரு குறை வந்ததாக இதுவரை நான் கேள்விப்படவில்லை. இருந்தாலும் நம் ஆட்கள் வாங்க மாட்டார்கள். நீங்கள் என்னை இந்த இடத்திலிருந்து தொடங்கச் சொல்லவில்லை என்பது தெரியும். ஆனால் இங்கிருந்து தொடங்காவிட்டால் மற்ற எதுவும் உங்களுக்குப் புரியாது.

தமிழில் எழுதித் தரலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்று நீங்கள் சொன்னது நல்லதாயிற்று. என் ஆங்கிலம் மோசமில்லை. ஆனால் அது வேலை ஆங்கிலம். அதில் எழுதினால் எல்லாம் ரிப்போர்ட் மாதிரி ஆகிவிடும். காபிக்கும் நன்றி. கொஞ்சம் தண்ணியாக இருக்கிறது, பரவாயில்லை.

என் பெயர் சிவராமகிருஷ்ணன். மல்பெரி க்ராஸிங்கில் எல்லோருக்கும் நான் ராம். பிறந்தது கோபிச்செட்டிபாளையம் பக்கம், வாய்க்கால் பாசன ஊர். படித்தது சிவில். பிழைப்பு மழைத் தண்ணீர். புதிதாக ஒரு குடியிருப்பு வருகிறதென்றால், அங்கே பெய்கிற மழை எங்கே ஓடும், எங்கே நிற்கும் என்று பார்த்து, கால்வாயும் குழாயும் குளமும் வரைந்து கொடுப்பது என் வேலை. டாலஸுக்கு வடக்கே முளைத்திருக்கிற குடியிருப்புகளில் பலவற்றின் கீழே என் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் ஒரு வீட்டுக்குள்கூட இதுவரை தண்ணீர் புகுந்ததில்லை. அதை நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

மல்பெரி க்ராஸிங் எப்படிப்பட்ட ஊர் என்று உங்களுக்கே தெரியும். தண்ணீர்த் தொட்டி ஒன்று, மாட்டுத் தீவனக் கடை ஒன்று, மெதடிஸ்ட் சர்ச் ஒன்று, தொண்டர்களே நடத்துகிற தீயணைப்பு நிலையம் ஒன்று. நாற்சந்தியில் ஒரு மஞ்சள் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், யாரும் அதை மதிக்க மாட்டார்கள். ஃபிரிஸ்கோ நெரிசல் பிடிக்காமல் நானும் என் மனைவி வசந்தாமணியும் அங்கே கொஞ்சம் நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டு போனோம். போன மறு வருஷமே ஊர்த் திட்டக் குழுவில் ஓர் இடம் காலியானது. வேறு யாரும் கேட்காததால் என்னைப் போட்டார்கள். தீவனக் கடைக்காரர்தான் மேயர். "நீ என்ஜினியராமே" என்று கையைக் குலுக்கினார். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஆனால் நான் அந்த இடத்தை மதித்து நடந்தேன். ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை.

அந்த ஊரில் எங்களுக்கு முன்பே ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. அரியரட்ணம் அண்ணாவும் தவமலர் அக்காவும். யாழ்ப்பாணத்துக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அண்ணா டாலஸில் ஒரு மருத்துவமனையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கவுண்டி ரோடு என்கிற மாவட்டச் சாலையை ஒட்டிக் கொஞ்சம் பள்ளமான நிலத்தில் சின்ன வீடு, பின்னால் நாலைந்து ஆடு, முருங்கைக் கன்றுகள். பனிக்காலத்தில் முருங்கை செத்துப்போகும், அவர் மறுபடி நடுவார். அக்காவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது, நடக்க முடியாது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே இடியப்பம் பிழிந்து, சம்பலோடு எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். என் மகள் பிரீத்தி அவரை ஆன்ட்டி என்று சுற்றிச் சுற்றி வருவாள். நல்ல மனிதர்கள். நான் அவர்கள்மேல் ஒரு குறையும் சொல்ல வரவில்லை.

ஒன்றே ஒன்றுதான். அவர்கள் வீட்டு வாசல் தெற்குப் பார்த்தது. முதல்முறை போனபோதே அதைச் சொன்னேன். அண்ணா சிரித்தார்.

"எங்களுக்கு எல்லாத் திசையும் ஆண்டவற்ற திசைதான் தம்பி. முதல்ல இரும், தேத்தண்ணி குடியும்."

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே பெரிய பருத்திக் காடு ஒன்று இருந்தது. அதன் சொந்தக்காரக் கிழவர் இறந்து, பிள்ளைகள் விற்க வந்தார்கள். அப்போதுதான் சுப்பையன் என்னிடம் வந்தான். சுப்பையன் வீடு விற்பனைத் தரகன், விருதுநகர்ப் பக்கத்துக்காரன், பேச்சில் கெட்டிக்காரன். ஃபிரிஸ்கோவில் பத்து வருஷமாக நம் ஆட்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்து, அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தான்.

"அண்ணே, அந்தக் காட்டை நாமளே வளைச்சுப் போடுவோம். நம்ம சனம் மட்டும். எல்லா வீடும் ஈஸ்ட் ஃபேஸிங். அமெரிக்காவுல எவனும் இதை யோசிச்சிருக்க மாட்டான். நீங்க டிசைன் பண்ணுங்க, நான் சேல் பண்றேன்."

சன்ரைஸ் மெடோஸ் என்று பெயர் வைத்தோம். சேர்ந்தவர்கள் யாரும் பெரிய முதலாளிகள் இல்லை. காலையிலிருந்து ராத்திரி வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள். பலர் கிரீன் கார்டுக்கு வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள். நம் மண், நம் சனம், பிள்ளைகள் தெருவில் தமிழ் கேட்டு வளரும் என்று சொன்னபோது ஒரு பெண் அழுதே விட்டாள். பலர் இருந்த வீட்டை விற்றுவிட்டு அபார்ட்மென்ட்டில் காத்திருந்தார்கள். நான் ஒரு ஊரை உண்டாக்குகிறேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது. ராஜாக்கள்தான் அந்தக் காலத்தில் ஊர் உண்டாக்கினார்கள், குளம் வெட்டினார்கள்.

சிக்கல் மண்ணில் இருந்தது. அந்தக் காடு தென்மேற்காகச் சரிந்திருந்தது. மழைத் தண்ணீர் தென்மேற்கு மூலைக்குப் போய் ஓடையில் விழும். ஆதியிலிருந்து அப்படித்தான் விழுந்துகொண்டிருந்தது. முதலில் நான் குளத்தையும் அங்கேதான் வரைந்தேன். வரைபடத்தைப் பார்த்ததும் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் விலகப் பார்த்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாஸ்து நிபுணரை வீடியோவில் கூப்பிட்டார்கள். அவர் ஒரு நிமிஷம்தான் பார்த்தார். கன்னி மூலை மேடாக இருக்க வேண்டும், ஈசானியம் பள்ளமாக இருக்க வேண்டும், அங்கேதான் தண்ணீர் நிற்க வேண்டும், கன்னி மூலையில் குளம் வெட்டினால் குடும்பத் தலைவருக்கு ஆகாது என்றார். எத்தனை குடும்பத் தலைவர்கள் அந்த வீடியோவில் இருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

கன்னி மூலை தென்மேற்கு, ஈசானியம் வடகிழக்கு. ஆகவே நிலத்தைத் திருப்பிப் போட்டேன். அவ்வளவுதான். எங்கோ நெடுஞ்சாலைக்குத் தோண்டிய மண்ணை லாரி லாரியாகக் கொண்டுவந்து தென்மேற்கை உயர்த்தினோம். காடு முழுக்க வடகிழக்காகச் சாய்ந்தது. அந்த மூலையில் குளத்தை வெட்டி, சுற்றிக் கரை போட்டோம். இயற்கை செய்த தப்பை நம் ராம் அண்ணன் திருத்திவிட்டார் என்று சுப்பையன் கூட்டங்களில் சொல்வான். எல்லோரும் கை தட்டுவார்கள்.

வடகிழக்குக் கரைக்கு அந்தப் பக்கம், கீழே, அரியரட்ணம் அண்ணாவின் வீடு இருந்தது.

இது சட்டப்படி தவறில்லை. பக்கத்து நிலத்துக்கு முன்பு போனதைவிட அதிகமாகத் தண்ணீர் போகக்கூடாது என்பதுதான் சட்டம். குளத்தின் அடியில் ஒரு குழாய் வைத்து, வடக்கு எல்லையோரமாகவே சுற்றிக்கொண்டுபோய் ஓடையில் விட்டேன். கணக்கு சரியாக வந்தது. திட்டக் குழுக் கூட்டம் தீயணைப்பு நிலையத்தில் நடந்தது. என் திட்டம் வரும்போது நான் எழுந்து வெளியே போய் நிற்பேன். சட்டம் அவ்வளவுதான் கேட்கிறது. வெளியே நின்று கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். அண்ணா எழுந்து பேசினார். வயலின் தண்ணீர் இத்தனை காலம் என்னிடமிருந்து விலகிப் போனது, இப்போது என்னைப் பார்த்து வருகிறது, எனக்கு அது மட்டும்தான் பயம் என்றாராம். மேயர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன். அனுமதி கிடைத்தது.

அதன் பிறகும் அண்ணா என்னோடு முகம் கொடுத்துப் பேசினார். இடியப்பமும் வந்தது.

அவருடைய நிலம் எங்களுக்குத் தேவைப்பட்டது. குடியிருப்புக்குக் கிழக்கே ஒரு வாசல் வேண்டும். கிழக்கே கவுண்டி ரோட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது அவர் நிலம் ஒன்றுதான். அது கிடைக்காவிட்டால் பிரதான வாசல் தெற்கே வரும். தெற்கு வாசல் வைத்த ஊருக்குள் கிழக்குப் பார்த்த வீடு இருந்து என்ன பிரயோஜனம் என்று அடுத்த கட்டத்துக்குச் சேர வந்தவர்கள் கேட்டார்கள். நல்ல விலை சொன்னோம். இதைவிட நல்ல வீடு, அக்காவுக்குச் சக்கர நாற்காலி போக அகலமான கதவோடு கட்டித் தருகிறோம் என்றோம். அண்ணா கோபப்படவில்லை. ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டே பேசினார்.

"தம்பி, நான் ஒருக்கா வெளிக்கிட்டனான். ரெண்டு நாளையில திரும்பி வந்திடலாம் எண்டுதான் வெளிக்கிட்டது. இவ சோத்துப் பானையைக்கூட மூடி வச்சிட்டு வந்தவ. பிறகு அந்த வீட்டைக் கண்ணால காணேல்ல. இனி ஆர் வந்து சொன்னாலும் நாங்கள் வெளிக்கிட மாட்டம். நீர் குறை நினையாதையும்."

நான் குறை நினைக்கவில்லை. யோசித்தேன்.

இப்போது குளத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே குடியிருப்புகளில் வெட்டுகிற குளம், நம் ஊர்க் குளம் மாதிரி தண்ணீர் தேக்குவதற்கு அல்ல. பெருமழை வரும்போது வாங்கி வைத்துக்கொண்டு, குழாய் வழியாக மெல்ல வெளியே விடுவதற்கு. ஆகவே அது எப்போதும் காலியாகக் கிடக்க வேண்டும். நிரம்பிக் கிடந்தால் மழை வரும்போது இடமிருக்காது. இது எனக்குத் தெரியாது என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். முதல் வருஷம் படிக்கிற பையனுக்கே தெரியும்.

முதல் வரிசை வீடுகள் முடிந்தன. எல்லாருக்கும் ஒரே முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம் என்று முடிவாயிற்று. சுப்பையன் வந்து குளக்கரையில் நின்றான்.

"அண்ணே, ஈசானிய மூலையில குழி வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு. பாக்க வர்ற கஸ்டமர்லாம் முகம் சுளிக்கிறான். காஞ்ச குளத்துக்கு முன்னால பால் காய்ச்ச முடியுமா? நீங்களே சொல்லுங்க. தண்ணி நிப்பாட்ட ஏதாச்சும் பண்ணுங்க."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நிறைகுடம் வைக்காமல் நாம் எந்தக் காரியமாவது தொடங்குகிறோமா? குழாயின் வாயில் ஓர் இரும்புத் தகடு வைத்து அடைத்தேன். நானே செய்தேன், வேறு யாரையும் விடவில்லை. தகட்டில் ஒரு சங்கிலி கோத்து அதன் முனையைக் கரைமேல் போட்டு வைத்தேன். அவசரமென்றால் என் டிரக்கில் மாட்டி இழுத்தால் தகடு வந்துவிடும். வசந்தகால மழையில் குளம் நிறைந்தது. எங்கிருந்தோ வாத்துகள் வந்தன. மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு வந்து கரையில் நின்று போட்டோ எடுத்தார்கள். சாயங்கால வெயிலில் அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

கரையில் எங்காவது ஓரிடம் தாழ்வாக விட வேண்டும். நிரம்பினால் அந்த வழியாக வழிந்து போகும். நம் ஊரில் கலிங்கு என்போம். முதலில் அதை வடக்குப் பக்கம்தான் வரைந்திருந்தேன். வழிந்தாலும் எல்லைக் கால்வாயில் விழுந்து ஓடைக்குப் போய்விடும். பிறகு வடக்குக் கரையில் நடைபாதையும் பிள்ளையார் கோயிலும் வைக்கலாம் என்றார்கள். ஆகவே கலிங்கைக் கிழக்குக்கு மாற்றினேன். கிழக்கே அண்ணாவின் பின்வளவு, அவர் வீட்டுக் கொல்லைப்புறம். மாற்றியபோது என் மனதில் என்ன இருந்தது என்று நீங்கள் கேட்டீர்கள். பிள்ளையார் கோயில் இருந்தது. வேறு ஒன்றும் இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கணுக்கால் அளவு தண்ணீர் அந்த வீட்டுக்குள் வந்தால் மனிதர் மனம் மாறிவிடும் என்பதும் இருந்தது. எது முதலில் வந்தது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அண்ணா ஒரு நாள் கைத்தடியோடு கரையேறி வந்து தண்ணீரைப் பார்த்தார்.

"தம்பி, உந்தக் குளத்தை ஒருக்காத் திறந்து விடும். எங்கட பின்வளவு ஊறிப்போய்க் கிடக்கு. ஆடு நிக்க மாட்டன் எண்டுது."

"கிரகப்பிரவேசம் முடியட்டுங்ண்ணா, திறந்து விட்டர்லாம்" என்றேன்.

"அதுக்குள்ள மழை பிடிச்சா?"

"நான் இருக்கறனுங்ல்ல" என்றேன். அவர் சரி என்று இறங்கிப் போனார்.

மழை வியாழக்கிழமை பிடித்தது. கிரகப்பிரவேசம் ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன்பே தொடங்கி, காலைச் சாப்பாட்டு நேரத்துக்கும் விடாமல் கொட்டியது. வசந்தாமணி ஜன்னலில் நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, அக்கா ஊட்டுக்கு ஒரு ஃபோன் போடுங்க. பாவம், ரெண்டு பேரும் தனியா இருக்கறாங்க."

"நான் நேர்லயே போய்ப் பார்க்கறேன்" என்று சொல்லி டிரக்கை எடுத்துக்கொண்டு குளக்கரைக்குப் போனேன். தகட்டைப் பிடுங்கத்தான் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். டிரக்கைப் பின்னால் எடுத்து, இறங்கி, சங்கிலியைக் கையில் எடுத்துவிட்டேன். குளம் முட்ட முட்ட நின்றது. கிழக்கே கலிங்கில் தண்ணீர் மெல்லிய கண்ணாடி போல வழியத் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில்தான் ஃபோன் அடித்தது.

அந்த ஃபோனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பேசி முடித்த பிறகு சங்கிலியைக் கீழே வைத்துவிட்டேன். டிரக்கில் ஏறி உட்கார்ந்தேன். ஹீட்டர் போட்டேன், சட்டை நனைந்திருந்தது. கலிங்கில் வழிந்தது கூடிக்கொண்டே வந்தது. புதுக்கரை, இறுகாத கரிசல் மண். அதன்மேல் தண்ணீர் வழிந்தால் மண் கரையும், கரைந்தால் பள்ளம் விழும், பள்ளம் விழுந்தால் கரை நிற்காது. இது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, அந்த நேரத்தில் அதை நினைத்துப் பார்ப்பது வேறு. நான் கணுக்காலளவுத் தண்ணீரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கரை உடையும்போது பெரிய சத்தம் வரும் என்று நினைப்போம். வரவில்லை. மழைச் சத்தம்தான் கேட்டது. ஒரு துண்டு கரை இருந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான். குளம் மொத்தமும் அந்த வழியாகப் போனது. ஆட்டுக் கொட்டகை முதலில் போனது. பிறகு அண்ணாவின் வீட்டில் கூரை மட்டும் தெரிந்தது. எனக்கு எதுவும் தோன்றவில்லை. பயமோ அழுகையோ வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. இன்றைக்கு வரை வரவில்லை. பல்லுக்கு மரப்பு ஊசி போட்டால் வாய் நம்முடையது மாதிரியே இருக்காதே, அப்படித்தான் இருக்கிறது.

911 அவசர எண்ணுக்கு நான்தான் ஃபோன் செய்தேன். அது பதிவில் இருக்கிறது. குரலில் பதற்றமே இல்லை என்று சொன்னீர்கள். நான் எப்போதும் அப்படித்தான் பேசுவேன்.

கவுண்டி ரோட்டிலும் தண்ணீர் ஓடியதால் தீயணைப்புத் தொண்டர்கள் படகில் வர வேண்டியிருந்தது. அவர்கள் உள்ளே போய்ப் பார்த்ததை மேயர்தான் எனக்குச் சொன்னார். அண்ணா சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, அக்காவை நாற்காலியோடு அதன்மேல் ஏற்றியிருக்கிறார். எழுபது வயதில் எப்படித் தூக்கினாரோ. தான் கீழே நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு பேருக்கும் உயிர் இல்லை, ஆனால் அவர் பிடித்த பிடியை விடவில்லை. விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது என்று சொல்லி மேயர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம் நடந்தது. தள்ளி வைக்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. ஆனால் இந்தியாவிலிருந்து அப்பா அம்மாவெல்லாம் வந்திருந்தார்கள், அடுத்த முகூர்த்தம் ஆடி கழிந்துதான். இறந்தவர்கள் நம் சொந்தமும் இல்லை, தீட்டும் இல்லை என்று முடிவானது. குளம் வற்றி வெறும் சேறாகக் கிடந்தது. சுப்பையன் ஒரு பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி, பூப் போட்டு, ஈசானிய மூலையில் கொண்டுபோய் வைத்தான். எல்லா வீட்டிலும் பால் கிழக்குப் பக்கமாகவே பொங்கியது. பந்தியில் நான் பரிமாறினேன். வசந்தாமணி மட்டும் வரவில்லை. அவள் அன்றிலிருந்து என்னோடு அதிகம் பேசுவதில்லை. ஏன் என்று நான் கேட்கவுமில்லை.

நியூஜெர்சியிலிருந்து அவர்கள் மகள் குமுதினி வந்தாள். பார்சிப்பனியில் வேலை பார்க்கிறவள். சர்ச்சில் அடக்கப் பிரார்த்தனை முடிந்ததும் என்னைத் தேடி வந்தாள்.

"அங்கிள், அப்பாட ஃபோன்ல கடைசியா உங்களுக்குத்தான் எடுத்திருக்கிறார். என்ன கதைச்சவர்? பயந்திட்டாரோ?"

"இல்லம்மா. தைரியமாத்தான் பேசினாரு" என்றேன்.

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த நேரத்தில் அப்பா தனியாக இல்லை, நீங்கள் இருந்தீர்கள், அது போதும் என்றாள். போகும்போது அந்த நிலத்தைப் பற்றி அவளே பேச்சை எடுத்தாள். இனி அந்த வளவைப் பார்க்க மனமில்லை, யாருக்கோ போவதைவிட உங்களுக்கே போகட்டும் என்றாள். கிழக்கு வாசல் அப்படித்தான் கிடைத்தது. உள்ளே போகிற தெருவுக்கு அரியரட்ணம் வே என்று பெயர் வைக்கத் திட்டக் குழுவில் நான்தான் முன்மொழிந்தேன். அந்த ஓட்டெடுப்புக்கு நான் வெளியே போய் நிற்கவில்லை, எல்லோரும் ஒருமனதாகக் கை தூக்கினார்கள்.

இப்போது அந்த ஃபோன். எண்ணும் நேரமும் உங்களிடம் இருக்கிறது. பேச்சு உங்களிடம் இல்லை. அதைக் கேட்ட இருவரில் ஒருவர் இல்லை, ஆகவே நான் சொல்லாவிட்டால் அது இல்லவே இல்லை. வக்கீலும் சொல்ல வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் குமுதினியைத் தவிர இதை என்னிடம் நேராகக் கேட்டவர் நீங்கள்தான். கேட்டால் சொல்வேன். எனக்கு மறைத்துப் பழக்கமில்லை.

மழையில் அவர் குரல் விட்டு விட்டுக் கேட்டது.

"தம்பி, பின்வளவுக்குள்ள தண்ணி வந்திட்டுது. என்ன செய்வம்? வெளிக்கிடவோ, நிக்கவோ? இவவை வாகனத்தில ஏத்துறதெண்டா இப்பவே ஏத்தோணும். பிறகு ஏலாது."

யார் வந்து சொன்னாலும் வெளியேற மாட்டேன் என்றவர் அவர். அவரே கேட்டார். என் ஒரு கையில் சங்கிலி இருந்தது. கலிங்கில் வழிவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சீக்கிரமாகத்தான் யோசித்தேன், ஆனால் தெளிவாக யோசித்தேன். அவர்கள் கிளம்பிப் போய்விட்டால் ஆளில்லாத வீட்டுக்குள் தண்ணீர் வரும். வடிந்ததும் திரும்பி வருவார்கள். தரையைக் கழுவுவார்கள், காப்பீட்டுக்காரனைக் கூப்பிடுவார்கள், முருங்கையை மறுபடி நடுவார்கள். ஆளில்லாதபோது வந்தால் அது சேதம். ஆள் இருக்கும்போது வந்தால்தான் பயம். எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பயம். கொஞ்சம் போதும் என்றுதான் நினைத்தேன்.

"வேண்டாங்ண்ணா. வீட்டுக்குள்ளயே இருங்க. நான் இங்க கரைமேலதான் நிக்கறேன். குளத்தைத் திறந்துட்டேன், தண்ணி வடிஞ்சுட்டிருக்குது" என்றேன்.

"நீர் அங்க நிக்கிறீரோ? அப்பச் சரி" என்றார். உள்ளே திரும்பி, "மலர், தம்பி நிக்கிறாராம்" என்று சொல்வது கேட்டது. பிறகு வைத்துவிட்டார்.

அவ்வளவுதான் பேச்சு. எழுதிக்கொடுத்த இந்த வாக்குமூலத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் உங்கள் மொழிபெயர்ப்பாளர் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணாவுக்குச் சர்ச்சில் அத்தனை பேரைத் தெரியும், அவர்களில் பாதிப் பேர் வீட்டில் படகு இருக்கிறது. தீயணைப்பு நிலையம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. 911 இருந்தது. அத்தனையும் இருக்க, அந்த நேரத்தில் அவர் என்னைத்தான் கூப்பிட்டார். நான் அவருக்கு எப்படிப்பட்ட பக்கத்து வீட்டுக்காரனாக இருந்தேன் என்று கோர்ட்டில் யாராவது கேட்டால், தயவுசெய்து அந்த அழைப்பைக் காட்டுங்கள்.